அமெரிக்க உள்நாட்டுப் போரும் பம்பாய்ப் பஞ்சும் (1861–1865)

நெருளிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஹார்பர் ரயிலில் செவ்ரி தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். பெயர் காட்டன் கிரீன். நம்மவர்கள் பல பேர் இருபது முப்பது வருஷமாக அந்த ஸ்டேஷனைத் தாண்டி வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், "பஞ்சு குடோன் இருந்த இடம்" என்பார்கள். சரிதான். ஆனால் பம்பாய் என்ற ஊருக்கும் பஞ்சுக்கும் உள்ள உறவு குடோனோடு முடிவதில்லை. அந்த உறவின் நடுவில் ஒரு பெரிய போர் இருக்கிறது. நடந்தது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவில். அதில் குண்டடி பட்டு ஒருவரும் இங்கே சாகவில்லை. ஆனாலும் அந்தப் போர் தொடங்கியபோது பம்பாய் எழுந்தது. அது முடிந்த அன்று பம்பாய் விழுந்தது.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. துணி வியாபாரி. கடையை மூடிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணன் போரைப் பற்றி எழுதலாமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். ஒரு போரில் கத்தி எடுத்தவன் மட்டும்தான் பங்காளியா, தூரத்தில் உட்கார்ந்து லாபம் எண்ணியவனும் பங்காளியா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன்.

வடக்கும் தெற்கும்

1860இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனத்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம். அதில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் சந்ததியினர். மாடு கன்று போல விலைக்கு வாங்கவும் விற்கவும் பட்டவர்கள். புருஷனை ஒருவனுக்கும் பெண்டாட்டியை இன்னொருவனுக்கும் பிள்ளையை மூன்றாமவனுக்கும் விற்றுவிடலாம், கேட்பார் கிடையாது.

இந்த அடிமைகளில் பெரும்பாலோர் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்தார்கள். அன்றைக்கு உலகத்தில் பெரிய தொழில் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள். அந்த ஆலைகளுக்குப் போன பஞ்சில் நாலில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து போயிற்று. "பருத்திதான் ராஜா" என்று தென்னாட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பஞ்சு இல்லாவிட்டால் இங்கிலாந்து பட்டினி கிடக்கும், ஆகையால் எங்களை யாரும் தொட முடியாது என்பது அவர்கள் கணக்கு.

வட மாநிலங்களில் தொழிற்சாலை, ரயில், கூலி உழைப்பு. அங்கே அடிமை முறை ஒழிந்திருந்தது. மேற்கே புதிதாகக் குடியேறும் நிலங்களில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதுதான் பல வருஷமாக நடந்த சண்டை. 1860 நவம்பரில், அடிமை முறை புதிய நிலங்களுக்குப் பரவக் கூடாது என்ற கட்சியின் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20ஆம் தேதி தென் கரோலினா மாநிலம் நாட்டிலிருந்து பிரிவதாக அறிவித்தது. 1861 பிப்ரவரிக்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து, தனிக் கூட்டரசு அமைத்து, ஜெபர்சன் டேவிஸைத் தலைவராக்கின.

முதல் குண்டு

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் நடுவில் சம்டர் கோட்டை. அதில் இருந்த சிறிய படை வடக்கின் படை. 1861 ஏப்ரல் 12ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்குத் தென்னாட்டார் அதன் மேல் பீரங்கி வைத்துச் சுட்டார்கள். மறுநாள் கோட்டை பணிந்தது. அந்தக் குண்டு வீச்சில் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை என்பது ஆச்சரியம். அதற்குப் பின் நாலு வருஷத்தில் செத்தவர்கள் 6 லட்சத்து 20 ஆயிரம் என்று பழைய கணக்கு; பிற்பாடு ஆராய்ந்தவர்கள் 7 லட்சம், 7½ லட்சம் என்கிறார்கள். அவர்களில் அதிகம் பேர் குண்டடியால் அல்ல, பேதியாலும் காய்ச்சலாலும் போனவர்கள்.

லிங்கன் 75,000 தொண்டர் படையைக் கூப்பிட்டார், அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் எண்ணம். இதைக் கேட்டு மேலும் நாலு மாநிலங்கள் தெற்கோடு சேர்ந்தன. ஆகப் பதினொன்று. தெற்கின் தலைநகர் ரிச்மண்ட். லிங்கன் இருந்த வாஷிங்டனிலிருந்து அது சுமார் நூறு மைல்தான். ஜூலை 21ஆம் தேதி புல் ரன் என்ற ஓடைக் கரையில் முதல் பெரிய சண்டை. வாஷிங்டனிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. வடக்குப் படை தோற்று ஓடி வந்தபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களும் கூடவே ஓடி வந்தார்கள். இது மூன்று மாதச் சண்டை இல்லை என்று அன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் புரிந்தது.

கடலை அடைத்தார்கள்

ஐந்தொகை போட்டுப் பார்த்தால் வடக்கின் கை ஓங்கியிருந்தது. வடக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜனம். தெற்கில் 90 லட்சம், அதிலும் 35 லட்சம் அடிமைகள். தண்டவாளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வடக்கில். தொழிற்சாலைகளில் பெரும்பகுதி வடக்கில். தெற்குக்கு இருந்த பலம் நல்ல தளபதிகள், சொந்த மண், அப்புறம் பஞ்சு.

அந்தப் பஞ்சைத்தான் வடக்கு முதலில் கட்டிப்போட்டது. 1861 ஏப்ரல் 19ஆம் தேதியே லிங்கன் தெற்கின் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட உத்தரவு போட்டார். சுமார் 3,500 மைல் கடற்கரை. ஆரம்பத்தில் கப்பல் போதாது. ஓட்டை வலை மாதிரிதான் இருந்தது. மாதம் போகப் போகக் கண்ணி சிறுத்தது. வயதான தளபதி வின்பீல்டு ஸ்காட் போட்ட திட்டத்தை மலைப்பாம்புத் திட்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன: கடலையும் மிசிசிப்பி ஆற்றையும் பிடித்து மெல்ல மெல்ல நெரிப்பது. கேலிதான் செய்தார்கள், ஆனால் கடைசியில் ஜெயித்தது அதுவே.

தென்னாட்டார் இதில் ஒரு வியாபாரத் தப்பும் செய்தார்கள். முற்றுகை இறுகுமுன் விற்றுக் காசாக்க வேண்டிய சரக்கைத் தாங்களே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பஞ்சு வராவிட்டால் இங்கிலாந்து தங்கள் பக்கம் கப்பல் அனுப்பும் என்று நினைப்பு. முந்தைய வருஷத்து விளைச்சல் அபாரம். லிவர்பூல் குடோன்களில் கையிருப்பு நிறைய இருந்தது. அதனால் இங்கிலாந்து உடனே பதறவில்லை. 1862இல்தான் தட்டுப்பாடு உறைத்தது. அதற்குள் வாங்குகிறவன் வேறு கடை தேடிப் போய்விட்டான். அந்த வேறு கடைதான் பம்பாய்.

சரக்கு போன வழி

பேரார், கான்தேஷ், குஜராத், தார்வாட் சீமைகளில் விளைந்த பஞ்சு மாட்டு வண்டியிலும் படகிலும் பம்பாய் வரும். 1863இல் போர் காட் மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதும் தக்காணத்துச் சரக்கு இன்னும் வேகமாக இறங்கியது. அப்போது காட்டன் கிரீன் இருந்தது கொலாபாவில்; இன்றைய இடத்துக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டில். கொலாபாவில் பஞ்சைத் தரம் பார்த்து, அழுத்திப் பொதி கட்டி, பாய்மரக் கப்பலில் ஏற்றுவார்கள். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. ஆகவே கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி லிவர்பூல் போய்ச் சேர மூன்று நாலு மாதம் ஆகும்.

இந்த மூன்று நாலு மாதம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு இங்கே வாங்குகிற விலை தெரியும். அங்கே விற்கப்போகிற விலை தெரியாது. நடுவில் சரக்கு கடலில் மிதக்கிறது. விலை ஏறிக்கொண்டே இருக்கிற வரையில் மிதக்கிற ஒவ்வொரு நாளும் லாபம். இறங்க ஆரம்பித்தால் ஒவ்வொரு நாளும் நஷ்டம், நடுக்கடலில் கப்பலைத் திருப்பவும் முடியாது.

லிவர்பூலில் ஒரு பவுண்டு எடை அமெரிக்கப் பஞ்சு 1860இல் ஆறு ஏழு பென்ஸ். 1864இல் அது நாலு மடங்குக்கு மேல் ஏறியது. நம் நாட்டுப் பஞ்சும் அதே விகிதத்தில் ஏறியது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போன பொதிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. மெத்தை, தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்து விற்றார்கள் என்று பம்பாயில் இன்றைக்கும் சொல்வார்கள். கலப்படமும் கூடவே வந்தது. கல், மண், பருத்தி விதை எல்லாவற்றையும் பொதிக்குள் வைத்துக் கட்டினார்கள். பம்பாய் அரசாங்கம் 1863இல் பஞ்சு மோசடிச் சட்டம் ஒன்றே கொண்டுவர வேண்டியதாயிற்று. லங்காஷயரில் "சூரத்" என்ற ஊர்ப் பெயரே மட்டச் சரக்குக்கு வசவாகிப் போனது. நம்மிடம் வாங்கத்தான் வேண்டும், ஆனால் நம்மை மதிக்கவில்லை. இதை ஒரு வியாபாரியாகச் சொல்ல எனக்கு வருத்தம்தான்.

நம் திருநெல்வேலிச் சீமை

இந்த அலை தமிழ்நாட்டையும் தொட்டது. திருநெல்வேலிக் கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறும். லிவர்பூல் சந்தையில் அதற்குத் "தின்னவேலி" என்றே தனிப் பெயர், தனி விலை. கோயமுத்தூர், மதுரைப் பக்கத்துச் சரக்கும் போயிற்று. கரிசல் வைத்திருந்தவர்களுக்கும் தரகர்களுக்கும் அது நல்ல காலம்.

ஆனால் அதே ஊர்களில் தறி வைத்திருந்தவன் கதை வேறு. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும். நூல் விலை ஏறினால் துணி விலை ஏற வேண்டும். ஆனால் வாங்குகிற ஏழைக்குக் கையில் காசு இல்லை. புதுத் துணியைத் தள்ளிப் போடுவான். தறி நிற்கும். யாரோ எங்கோ போட்ட சண்டைக்கு நம்ம ஊர் நெசவாளி வீட்டில் உலை வைக்கவில்லை. ஒரே விலையேற்றம்தான், ஒரு தெருவில் விருந்து, அடுத்த தெருவில் பட்டினி.

போர்க்களம்: 1862, 1863

இனிப் போரைத் தொடர்வோம். 1862இல் மேற்கே கிராண்ட் என்ற வடக்குத் தளபதி ஆறுகளின் வழியே தெற்குக்குள் இறங்கினார். ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் இரண்டு நாள் சண்டையில் இரு பக்கமும் சேர்த்து 23,000 பேருக்கு மேல் சேதம். அதே மாதக் கடைசியில் பஞ்சு ஏற்றுமதிக்கே பேர்போன நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் வடக்கின் கைக்கு வந்தது. கிழக்கே நிலைமை நேர் எதிர். தெற்கின் தளபதி ராபர்ட் லீ, தன்னைவிடப் பெரிய படைகளைத் திரும்பத் திரும்ப முறியடித்தார். செப்டம்பர் 17ஆம் தேதி அன்டீட்டம் ஓடைக் கரையில் ஒரே பகலில் ஏறக்குறைய 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் ஒரே நாளில் அவ்வளவு இரத்தம் அதற்கு முன்னும் பின்னும் சிந்தவில்லை.

வெற்றி என்று சொல்ல முடியாத அந்தச் சண்டை லீயைப் பின்வாங்க வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு லிங்கன் ஐந்தாம் நாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: 1863 ஜனவரி 1 முதல், கலகம் செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள். இந்த அறிவிப்பு போரின் பொருளையே மாற்றியது. அதுவரை நாடு பிரியக் கூடாது என்ற சண்டை. அதற்குப் பிறகு மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா என்ற சண்டை. கறுப்பின மக்கள் சுமார் 1,80,000 பேர் வடக்குப் படையில் சேர்ந்து சண்டை போட்டார்கள்.

1863 ஜூலை முதல் வாரம் திருப்பம். ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் லீயின் படை முறிந்தது. இரு தரப்பிலும் சுமார் 51,000 பேர் சேதம். மறுநாள், ஜூலை 4, மிசிசிப்பிக் கரையில் ஆறு வாரத்துக்கு மேல் முற்றுகையில் இருந்த விக்ஸ்பர்க் நகரம் கிராண்டிடம் சரணடைந்தது. உள்ளே இருந்தவர்கள் கோவேறு கழுதைக் கறி தின்னும் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆறு முழுவதும் வடக்கின் கையில் வந்தது. மலைப்பாம்பு பாதி நெரித்து முடித்தது.

மான்செஸ்டர் தொழிலாளர்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பஞ்சு இல்லாமல் லங்காஷயரில் ஆலைகள் மூடின. லட்சக்கணக்கான குடும்பங்கள் தருமக் கஞ்சியில் உயிர் வாழ்ந்தன. முற்றுகையை உடைத்துப் பஞ்சு கொண்டு வா என்று அவர்கள் கேட்டிருந்தால் இங்கிலாந்து அரசாங்கம் கேட்டிருக்கவும் கூடும். அப்படிக் கேட்டவர்களும் உண்டு. ஆனால் 1862 டிசம்பர் 31ஆம் தேதி மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள், அடிமைகளை விடுவிக்கிற காரியத்தில் நாங்கள் உங்கள் பக்கம் என்று லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நாள் லிங்கன் பதில் எழுதினார். பசித்த வயிற்றோடு நியாயத்தின் பக்கம் நின்றதை அவர் மனம் நெகிழ்ந்து பாராட்டினார். மான்செஸ்டரில் லிங்கன் சிலை இருக்கிறது. அதன் பீடத்தில் அந்தக் கடிதத்தின் பகுதிகளைப் பொறித்திருக்கிறார்கள்.

அதே வருஷங்களில் பம்பாயில் என்ன நடந்தது?

பங்குப் பைத்தியம்

பம்பாயில் பணம் கொட்டியது. சாதாரண விலைக்கு மேல் போரினால் கூடுதலாகக் கிடைத்தது மட்டும் சுமார் 8 கோடி பவுன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பவுனுக்குப் பத்து ரூபாய் என்ற அன்றைய மதிப்பில் 80 கோடி ரூபாய். வந்த பணத்தை எங்கே போடுவது? வங்கி ஆரம்பித்தார்கள், நிதி நிறுவனம் ஆரம்பித்தார்கள், கடலை மூடி நிலமாக்கும் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். 1865 ஜனவரியில் பம்பாயில் 31 வங்கிகள், 16 நிதி நிறுவனங்கள், 8 நிலக் கம்பெனிகள், 20 இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருந்தன.

இதற்கெல்லாம் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த். சூரத்தில் பிறந்த ஓஸ்வால் சமணர், சுவேதாம்பரர். நாங்கள் தமிழ்நாட்டுத் திகம்பரர். மொழியும் வழக்கமும் வேறு, ஆனால் தீர்த்தங்கரர்கள் ஒருவரே. பஞ்சுத் தரகிலும் பங்குத் தரகிலும் அவருக்கு இணை கிடையாது. அப்போது ஐரோப்பாவுக்குத் தந்தி இல்லை. செய்தி தபால் கப்பலில் வாரக் கணக்கில் வரும். துறைமுகத்துக்குக் கப்பல் வந்து சேருமுன்பே படகு அனுப்பி லிவர்பூல் விலையை அவர் தெரிந்துகொள்வார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய பேச்சுக்கே பங்கு விலை ஏறி இறங்கியது.

பேக் பே ரெக்ளமேஷன் கம்பெனி என்று ஒன்று: கொலாபாவிலிருந்து மலபார் ஹில் அடிவாரம் வரை கடலைத் தூர்த்து, ரயிலுக்கு இடம் கொடுத்து, மிச்ச நிலத்தை விற்பது திட்டம். 5,000 ரூபாய்ப் பங்கு பல மடங்கு விலைக்குக் கைமாறியது. அதில் பெரும்பகுதி வாயிதா வியாபாரம். அதாவது, இன்றைக்கு விலை பேசி, ஆறு மாதம் கழித்துப் பணம் தருவதாக ஒப்பந்தம். 1865 ஜூலை 1ஆம் தேதிக்கு வாயிதா வைத்து எண்ணற்ற ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. கையில் முதல் இல்லாதவனும் எழுதினான். அரசாங்கமே பங்குதாரராக இருந்த பாங்க் ஆப் பாம்பே, பங்குகளின் பேரிலேயே கடனை வாரி வழங்கியது. பங்கின் மதிப்பு வங்கிக் கடனால் ஏறியது. ஏறிய மதிப்பைக் காட்டி மறுபடியும் கடன். காலடியில் தரை இல்லாமல் ஒருவன் தோள் மேல் ஒருவனாக நின்ற கதை.

அலபாமா கப்பல்

போர் நம் கரைக்கே வந்ததும் உண்டு. தெற்கு அரசாங்கம் இங்கிலாந்தில் கட்டிய அலபாமா என்ற போர்க்கப்பல், வடக்கின் வியாபாரக் கப்பல்களைத் தேடித் தேடி எரித்துக்கொண்டு உலகம் சுற்றியது. 1863 டிசம்பரில் சிங்கப்பூர். 1864 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால், பம்பாயிலிருந்து போய்க்கொண்டிருந்த எம்மா ஜேன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து எரித்தது. அதில் இருந்தவர்களை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போயிற்று. திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கிற அந்த மீனவக் கிராமம் அமெரிக்கப் போரைப் பார்த்தது என்றால் யாராவது நம்புவார்களா! அதே வருஷம் ஜூன் 19ஆம் தேதி பிரான்சின் கரைக்கு அருகே அலபாமா மூழ்கடிக்கப்பட்டது.

முடிவு நெருங்கியது

1864 மார்ச்சில் கிராண்ட் வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைமைத் தளபதியானார். அவர் கணக்கு கொடூரமானது, ஆனால் தெளிவானது: நம்மிடம் ஆள் இருக்கிறது, அவர்களிடம் இல்லை, விடாமல் அழுத்த வேண்டும். அவர் வர்ஜீனியாவில் லீயைப் பிடித்துக்கொண்டார். ஷெர்மன் செப்டம்பர் 2ஆம் தேதி அட்லாண்டாவைக் கைப்பற்றினார். அந்த வெற்றியின் பலத்தில் நவம்பரில் லிங்கன் மறுபடி ஜனாதிபதியானார். ஷெர்மன் அங்கிருந்து கடல் வரை சுமார் 60,000 படையோடு நடந்தார். வழியில் ரயில் தண்டவாளம், குடோன், களஞ்சியம் ஒன்றும் மிச்சமில்லை. டிசம்பரில் சவானா துறைமுகத்தைப் பிடித்து லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்தியில் சமர்ப்பித்தார். அந்தப் பரிசுப் பட்டியலில் பீரங்கிகளோடு சுமார் 25,000 பொதி பஞ்சும் இருந்தது. லிவர்பூலிலும் பம்பாயிலும் அதைப் படித்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும்.

ரிச்மண்டுக்கு அருகே பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்பது மாதத்துக்கு மேல் பதுங்கு குழிச் சண்டை. 1865 ஏப்ரல் 2ஆம் தேதி லீ அந்த வரிசையை விட்டு வெளியேறினார். மறுநாள் ரிச்மண்ட் விழுந்தது. சாப்பாடு இல்லாமல் மேற்கே நடந்த லீயின் படையை வடக்கின் குதிரைப்படை முந்திக்கொண்டு மறித்தது. ஏப்ரல் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்பமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சிற்றூரில் லீ சரணடைந்தார். சந்திப்பு நடந்தது வில்மர் மெக்லீன் என்ற வியாபாரியின் வீட்டு முன் அறையில். இவர் 1861இல் புல் ரன் பக்கத்தில் குடியிருந்தவர். முதல் சண்டையில் இவர் வீட்டில் குண்டு விழுந்தது. போர் வேண்டாம் என்று ஒதுங்கி வந்த இடத்துக்கே போர் வந்து முடிந்தது. முடிந்ததும் ஞாபகத்துக்கு என்று அதிகாரிகள் அவர் மேஜை நாற்காலியை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கிராண்ட் கொடுத்த நிபந்தனைகள் பெருந்தன்மையானவை. யாரையும் சிறையில் போடவில்லை. ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொந்தக் குதிரை வைத்திருப்பவன் அதைக் கொண்டுபோய் உழவு பார்க்கலாம். பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான சாப்பாடும் அனுப்பினார். நிபந்தனைப் பத்திரத்தைச் சுத்தப் பிரதியாக எழுதியவர் எலி பார்க்கர், செனகா என்ற பழங்குடியைச் சேர்ந்த அதிகாரி. ஐந்தாம் நாள், ஏப்ரல் 14 இரவு, லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை இறந்தார். மற்றத் தென் படைகள் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை ஒவ்வொன்றாகப் பணிந்தன. டிசம்பர் 6ஆம் தேதி பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் நிறைவேறி, அடிமை முறை அமெரிக்கா முழுவதும் ஒழிந்தது.

1865 ஜூலை 1

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பாரசீக வளைகுடா வழியாக இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தந்தி இணைப்பு கிடைத்திருந்தது. ஆகவே கெட்ட செய்தி வேகமாகவே வந்து சேர்ந்தது. கெட்ட செய்தி என்று நான் சொல்வது சமாதானத்தை! 40 லட்சம் பேருக்கு விலங்கு கழன்ற செய்தி பம்பாய்ச் சந்தைக்குச் சாவு ஓலை. இதைவிடத் துக்கமான வேடிக்கை வியாபாரச் சரித்திரத்தில் நான் படித்ததில்லை.

அதற்கு முந்தைய வருஷமே சமாதான வதந்தியில் விலை ஒரு முறை சரிந்து எச்சரித்தது. கேட்பார் இல்லை. இப்போது நிஜமாகவே சரிந்தது. கடலில் மிதந்த பொதிகள் எல்லாம் ஏற்றிய விலைக்குப் பாதியும் பெறாமல் போயின. பஞ்சு விழுந்ததும் பங்கு விழுந்தது. ஜூலை 1ஆம் தேதி வாயிதா கெடு வந்தபோது விற்றவன் பணம் கேட்டான். வாங்கியவனிடம் காகிதம்தான் இருந்தது. பெரிய பெரிய வீடுகள் மஞ்சள் கடுதாசி கொடுத்தன. திவாலானவர்கள் கணக்கைத் தீர்க்க அரசாங்கம் தனிச் சட்டமே போட்டது. அந்தச் சமயத்தில் பஞ்சு வியாபாரத்துக்காக இங்கிலாந்து போயிருந்த இளைஞர் ஜம்ஷெட்ஜி டாட்டா, கையில் இருந்த பத்திரங்கள் செல்லாக் காசாகிப் போனதைக் கடன்காரர்களிடம் நேருக்கு நேர் சொல்லித் தவணை வாங்கினார். பாங்க் ஆப் பாம்பே 1868இல் மூடி, புதிதாக அமைக்கப்பட்டது. பிரேம்சந்தும் 1866இல் விழுந்தார். 1864 கணக்கெடுப்பில் 8,16,562ஆக இருந்த பம்பாய் ஜனத்தொகை 1872இல் 6,44,405. பிழைக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். தின்ஷா வாச்சா இந்த அமளியைப் பற்றி 1910இல் தனி நூலே எழுதினார்.

கிராமங்களில் அடி இன்னும் பலமாக விழுந்தது. விலை ஏறிய காலத்தில் தக்காணத்துக் குடியானவனுக்குத் தேடிப் போய்க் கடன் கொடுத்தார்கள். விலை இறங்கியதும் கையை மடக்கிக்கொண்டார்கள். வட்டி மட்டும் ஏறியது. பத்து வருஷம் பொறுத்தான். 1875 மே மாதம் புனே ஜில்லா சூப்பாவில் தொடங்கி அகமத்நகர் வரை குடியானவர்கள் சாவுகார் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். மார்வாடி, குஜராத்திச் சாவுகார்கள்தான் பெரும்பாலும். அதில் சமணர்களும் உண்டு. எங்கள் ஐந்து விரதங்களில் கடைசி, மிகுபொருள் விரும்பாமை. எறும்பை மிதிக்காமல் நடந்தவர்கள் வட்டிக் கணக்கில் மனிதனை மிதித்ததையும் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. மறைத்துப் பயனில்லை.

என்ன மிஞ்சியது

மிஞ்சியதும் நிறைய உண்டு. கடலைத் தூர்த்த நிலம் மிஞ்சியது. சர்ச் கேட் ரயில் பாதைக்கு இடம் கிடைத்ததும் அதில்தான். போரினால் வந்த பணத்தின் ஒரு பகுதி ஆலைகளாக மாறி, பின்னாளில் கொங்கணத்தானுக்கும் தெலுங்கனுக்கும் தமிழனுக்கும் வேலை கொடுத்தது. பிரேம்சந்த் 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகத்துக்கு 2 லட்சம், மணிக்கூண்டுக்கு 2 லட்சம் என்று கொடுத்தார். தாயார் ராஜாபாயின் பெயரில் 1878இல் கோபுரம் முடிந்தது. பார்வை இழந்த அந்த அம்மாள் சூரியன் மறையுமுன் உண்ணும் சமண விரதத்தைத் தவறவிடாமல் இருக்க மணியோசை உதவியது என்று செவிவழிச் செய்தி. 2018இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடன் அடைத்து, மறுபடி தரகு செய்து, 1906 வரை வாழ்ந்தார் பிரேம்சந்த். சம்பாதித்தது போய்விட்டது, கொடுத்தது நிற்கிறது.

என் கேள்விக்கு வருகிறேன். பம்பாய் வியாபாரி அந்தப் போரை மூட்டவில்லை. அடிமை உழைப்பில் விளைந்த பஞ்சுக்குப் பதிலாகத்தான் நம் பஞ்சு போயிற்று. அந்த வகையில் தெற்கின் "பருத்தி ராஜா"வைக் கவிழ்த்ததில் நம் குடியானவனுக்கும் பங்கு உண்டு. அது வரவுப் பக்கம். ஆனால் சமாதானம் வரக் கூடாது என்று விரும்புகிற நிலையில் ஓர் ஊரையே கொண்டுபோய் நிறுத்தியது செலவுப் பக்கம். சரக்கு விற்பதில் பாவம் இல்லை. பிறர் துன்பம் நீள வேண்டும் என்று நம் லாபம் வேண்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டால், அன்றைக்கே கணக்கை முடித்துக் கடையைக் கட்டிவிட வேண்டும். பட்டினியோடு கடிதம் எழுதிய மான்செஸ்டர் தொழிலாளிக்கு இது தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பங்கு வாங்குகிறார்கள், வாயிதா எழுதுகிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் சண்டை வந்தாலும் எந்தப் பங்கு ஏறும் என்று அன்றே கணக்குப் போடுகிறார்கள். போடட்டும், வியாபாரம் குற்றமில்லை. அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். அதற்கு இந்தக் கட்டுரை சிறிது உதவினால் எனக்கு மகிழ்ச்சி.

அறம் வளர்க. அனைத்துயிரும் வாழ்க.